தேத்தண்ணி நேரம்: வேலையை விடலாமா, ஐயா?

சித்திரைப் புத்தாண்டு முடிந்து மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்காகக் கொழும்புக்கு ரயிலேறிய கையோடு எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். தீபாவளிக்குப் பிறகும் அப்படித்தான். வீட்டில் நாலு நாள் இருந்து, அம்மா சுட்ட ரொட்டியும் சம்பலும் தின்று, பழைய கூட்டாளிகளோடு கதைத்துவிட்டுத் திரும்புகிற ரயிலில்தான் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்காருகிறது போலும். இந்த முறை வந்த ஒன்பது கடிதங்களில் ஆறு ஒரே விசயம்: இந்த வேலையை விடலாமா? அதனால் மற்றக் கேள்விகளுக்கு இந்த மாதம் இடமில்லை. போஞ்சிச் செடியில் பூச்சி என்று எழுதிய வெலிமடை அன்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். (அதை என்னிடம் கேட்க அவருக்கு ஏன் தோன்றியது என்பதும் விளங்கவில்லை. நான் மோட்டர் கட்டுகிறவன்.)

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருபது வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்குகிற தொழிற்சாலையில், வேலை செய்தவன், கடைசி ஆறு வருடம் டீமேக்கர், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவன். இப்போது ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு சந்துக்குள், எரிந்த மோட்டருக்குச் சுருள் கட்டுகிற வைண்டிங் கடை. வயது அறுபத்திரண்டு. படித்துச் சொல்கிற புத்தி என்னிடம் இல்லை. பட்டுத் தெரிந்தது கொஞ்சம் உண்டு.

கேள்வி: எனக்கு 36 வயது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பதினொரு வருடமாகப் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேல்ஸ்மேன். முதலாளி நல்லவர். அவருடைய மகன் கடைக்கு வந்த பிறகு எதற்கெடுத்தாலும் ஏச்சு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். லீசிங்கில் ஓட்டோ எடுத்து ஊரிலேயே ஓடலாமா, சின்னதாக ஹாட்வெயார் கடை ஒன்று போடலாமா என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன். மாறுவதற்கு நான் தயாராகிவிட்டேனா, இல்லை இது வெறும் அலுப்பா என்று எப்படி அறிவது?
*ர., கொழும்பு 11*

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் இரண்டு பக்கத்துக்கு மேல் முதலாளியின் மகனைப் பற்றி. என்ன சட்டை போடுகிறார், எப்படிக் கூப்பிடுகிறார், எந்தக் கிழமை எந்த வாடிக்கையாளருக்கு முன்னால் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஓட்டோவைப் பற்றி ஒன்றரை வரி. ஹாட்வெயார் கடையைப் பற்றி நாலு வரி. ஆனால் அந்த நாலு வரியில், அரை அங்குலக் குழாய் டிக்கோயாவில் என்ன விலைக்குப் போகிறது, மஸ்கெலியாவில் யாரிடம் சாமான் தட்டுப்படுகிறது, மழைக்காலத்தில் கூரைத் தகரம் எத்தனை கிழமைக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு வரியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றதை ஒரு தரம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த மகன் அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விடுகிறார் என்று வையுங்கள். பெரியவர் உங்கள் சம்பளத்திலும் ஏதோ கூட்டித் தருகிறார். அப்போதும் ஊருக்கு வருவீர்களா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். கடை மேல்மாடியில் பாயைப் போட்டுப் படுக்கும்போது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். "பிறகு எதற்கு வர?" என்று வாய் தானாகச் சொன்னால் நீங்கள் மாற்ற நினைப்பது முதலாளியை, தொழிலை அல்ல. புறக்கோட்டையில் அதற்கு இரண்டு தெரு தள்ளிப் போனால் போதும்.

இதை இவ்வளவு துணிந்து சொல்வதற்குக் காரணம், நானே ஒரு முறை அந்த மாதிரி விட்டேன்.

1985 இல் ஸ்டோருக்குப் போனேன். 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு துரைமார், அதாவது தோட்ட மனேஜர்மார், வருவதும் போவதுமாக இருந்த காலம். 1994 இல் ஒரு இரவு ட்ரையருக்கு ஈர விறகு வந்தது. சூடு ஏறவில்லை, தூள் சரியாகக் காயவில்லை. விறகு வாங்கியது நான் இல்லை. ஆனால் காலையில் வந்த பெரிய துரை, சல்லடையில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. சாவியை மேசையில் வைத்தேன். குவாட்டர்ஸுக்குப் போய், மனைவியிடம் "சாமானைக் கட்டு" என்றேன். அவள் அடுப்பில் இருந்த சோற்றைக் காட்டி, "இதை வடிச்சிட்டுக் கட்டவா, இப்பவே கட்டவா?" என்று கேட்டாள். அதற்குள் இருந்த அர்த்தம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

கொழும்பில் தேயிலை மாதிரிகள் அடுக்கி வைக்கிற ஒரு களஞ்சியத்தில் வேலை. குறை சொல்ல முடியாது. எட்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வரலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஸ்டோரில் அந்த நேரம் உருட்டின கொழுந்து பரப்பிக் கிடக்கும். பச்சை வாடை அடங்கி, பழ வாடை மாதிரி ஒன்று மெல்ல ஏறும். அது சரியாக வந்த நேரத்தில் ட்ரையருக்கு அனுப்ப வேண்டும். நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் படுத்துக்கொண்டு காற்றை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விட்டது அந்த மனிதரை. தேயிலையை நான் விடவே இல்லை. ஏழு மாதத்தில் அவர் மாற்றலாகிப் போனார் என்று சேதி வந்தது. திரும்பிப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்பது வருடச் சேவை அறுந்துபோனது, பழைய குவாட்டர்ஸும் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த ஒன்பது வருடத்துக்கு வந்த கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு கலர் டிவி வாங்கியிருந்தேன். அதுவும் நாலு வருடத்தில் போனது.

இரண்டாம் முறை விட்டது 2006 இல். அதில் கோபமே இல்லை.

நடந்தது இது. கொழுந்து வாட்டுகிற தொட்டியின் ஃபேன் மோட்டர் ஒரு சனிக்கிழமை எரிந்துவிட்டது. தொட்டி நிறையக் கொழுந்து. மோட்டரைக் கண்டிக்கு அனுப்பினால் வர இரண்டு நாள். எங்கள் எலக்ட்ரிக் பாஸ், மின்சார வேலை பார்க்கிறவர், வயதான சிங்களவர், வைண்டிங் தெரிந்தவர். "நீ வெளிச்சத்தைப் பிடி" என்றார். பிடித்தேன். பழைய சுருளை வெட்டி எடுக்குமுன் ஒவ்வொரு சுருளிலும் எத்தனை சுற்று, எந்தத் துவாரத்திலிருந்து எந்தத் துவாரத்துக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விடிய நாலரைக்கு மோட்டர் ஓடியது. பத்து வருடமாகத் தூள் நல்ல விலைக்குப் போனபோதெல்லாம் வராத ஒரு சந்தோசம் அன்று வந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குவாட்டர்ஸ் வராந்தாவில் பக்கத்து ஆட்களின் தண்ணீர்ப் பம்புகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

இப்படியே இரண்டு வருடம் போனது. ஒரு இரவு ரோலரில் ஒரு பெயாரிங் சத்தம். மற்ற யாருக்கும் கேட்கவில்லை. நான் அதன் பக்கத்தில் குந்தி, ஒரு திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எழும்பி வந்தபோது பரப்பிய கொழுந்து நேரம் கடந்துவிட்டது. தூள் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சாயத்தில், நாக்கில் பிடிக்கிற அந்த வெட்டு இல்லை. ருசி பார்க்கிறவர்கள் எழுதி அனுப்பின தாளில் ஒரே ஒரு வார்த்தைதான் குறைவாக இருந்தது. துரை கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. என் காது எனக்கு முன்னாலேயே வேலை மாறிவிட்டது.

ஆனாலும் அடுத்த நாள் சாவியை வைக்கவில்லை. பதினான்கு மாதம் இருந்தேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, கட்டிய ஒவ்வொரு மோட்டரையும் எழுதினேன்: யாருடையது, என்ன செய்தேன், எவ்வளவு வாங்கினேன், திரும்பி வந்ததா. மொத்தம் 61 மோட்டர். திரும்பி வந்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் எட்டு வந்தது தொடக்கத்து ஒன்பது மாதத்துக்குள், கடைசி ஐந்து மாதத்தில் ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடிதம் கொடுத்தேன். இந்த முறை மனைவியிடம் முதலில் காட்டியது அந்தக் கொப்பியை. அவள் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பார்த்து, "கடன் நிக்கிற ஆளுங்க பேரெல்லாம் எங்க?" என்று கேட்டாள். அதையும் எழுதிய பிறகுதான் சம்மதித்தாள்.

ஆகவே தம்பி, உங்களுக்கு நான் சொல்வது: அடுத்த லீவைத் தீபாவளிக்குப் போடாதீர்கள். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஊர் அழகாகத்தான் தெரியும். ஜூலையில் பத்து நாள் வாருங்கள், தென்மேல் பருவ மழை கொட்டுகிற நேரம், பிள்ளைகளின் சப்பாத்து காயாமல் அடுப்புக்குமேல் தொங்குகிற நேரம். தெரிந்த ஒரு ஹாட்வெயார் கடையில் அந்தப் பத்து நாளும் மேசைக்குப் பின்னால் நில்லுங்கள், சம்பளமில்லாமல். கொழும்பில் காசு கொடுத்துச் சாமான் வாங்குவார்கள். இங்கே சம்பளத் தேதிக்குச் சொல்லி வாங்குவார்கள். அந்தக் கடன் கொப்பியைக் கையாளுவதற்கு உங்களுக்குக் குணம் இருக்கிறதா என்பதைப் பத்தாம் நாள் சொல்லிவிடலாம். பதினொரு வருடமாக நீங்களும் உங்கள் மனைவியும் பண்டிகை நாட்களில் மட்டும்தான் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். அவருக்கும் அந்தப் பத்து நாள் ஒரு பரீட்சைதான், அவரையும் கேளுங்கள்.

ஓட்டோ வேண்டாம். ஓட்டோ மோசமான தொழில் என்று சொல்ல வரவில்லை. என் மச்சான் அதில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். ஆனால் உங்களுக்கு அது தொழிலாகத் தெரியவில்லை, அந்தக் கடையிலிருந்து வெளியே வருகிற கதவாகத்தான் தெரிகிறது. லீசிங்காரன் தவணைக் காசு கேட்கும்போது மழை நாள், ஹர்த்தால் நாள் என்று பார்ப்பதில்லை.

காசு விசயம். உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) கட்டியிருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள், சண்டை போட்ட பிறகு அல்ல. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அது பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில்தான் கைக்கு வரும் என்பதால் கடை போட அதை நம்பாதீர்கள். முதலாளி தனியாக 3 வீதம் கட்டுகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை (ஈ.ரி.எஃப்.) வேலையை விட்டதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தரம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடையென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. 1983 ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதினொரு வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம். பெரியவர் நல்லவர் என்கிறீர்கள். நல்லவரோடு நல்லபடியாக விடைபெற்றால், முதல் லொறி சாமானை அவரே கடனுக்கு ஏற்றிவிடவும் கூடும். மகன்மேல் உள்ள கோபத்தில் அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 48 வயது. 27 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். முழங்கால் வலி, தோள் வலி. நானும் தம்பியும் கொழும்பில் உழைக்கிறோம். அம்மாவை நிறுத்திவிட்டு வீட்டில் ஒரு தையல் மெசின் வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் ஒத்துக்கொள்கிறார் இல்லை. எப்படிப் புரியவைப்பது?
*ஒரு மகள், அக்கரப்பத்தனை*

பதில்: பிள்ளை, "முடிவு செய்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தைக்கத் தெரியுமா என்று எழுதவில்லை. பிடிக்குமா என்றும் எழுதவில்லை.

இந்த மலையே ஒரு முறை தொழில் மாறியது. 1867 இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பி அழிந்து, மலை முழுக்கத் தேயிலையானது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கு வந்த நம் ஆட்கள் பழம் பறிக்கிற காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால்தான் குடும்பத்தோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். தொழில் மாறுகிறதே, உங்களுக்குச் சரியா என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் அம்மாவையாவது நீங்கள் கேட்கலாம்.

என் அக்கா கொழுந்து எடுத்தவர்தான். பிள்ளைகள் பிடிவாதமாக நிறுத்தினார்கள். ஆறு மணிக்கு எழும்பிப் பழகிய உடம்பு. பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகிற ஆட்களின் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பார். அவர் தேடியது, மலையில் பக்கத்து நிரையில் நிற்கிறவளோடு முப்பது வருடமாகப் பேசி வந்த பேச்சை. தையல் மெசினோடு யார் பேசுவது? தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வலி கூலியால் வரவில்லை, கூடையால் வருகிறது. அப்படியானால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பிறகு, பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில்) நிற்பது மாதிரி உடம்புக்கு ஏற்ற வேறு வேலைக்குத் தோட்டத்திலேயே இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அவரே "போதும்" என்று சொல்கிற நாள் வந்தால், சில விசயங்களைக் கையில் வைத்திருங்கள். பெண்களுக்குச் சேமலாப நிதி 50 வயதில் கிடைக்கும். இப்போது விட்டாலும் பணம் எங்கும் போகாது, 50 இல் எடுக்கலாம். நாட்சம்பளக்காரருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு 18,900, 27 வருடத்துக்கு 5,10,300 ரூபாய். விடும்போது வாங்குகிற சம்பளத்தில்தான் கணக்கு, அதனால் சம்பளம் கூடினால் இதுவும் கூடும். ஆனால் பெயர் பதிவில் இருக்க வேண்டும். இடையில் யாராவது சொல்லைக் கேட்டுப் பெயரை வெட்டிவிட்டுப் பதிவில்லாத கைக்காசு வேலைக்குப் போயிருந்தால், அந்தத் தேதியோடு கணக்கு நின்றுவிடும். அதை இப்போதே பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கசப்பாக இருக்கிறது. நீங்கள் இருவரும் கொழும்பில். வீட்டில் தோட்டத்துப் பதிவில் இருப்பது அம்மா ஒருவர்தான் என்றால், லயத்து அறையைப் பற்றி நாளைக்கு ஒரு பேச்சு வரலாம். அரச வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் வீடும் கிடைத்த குடும்பமா, இன்னும் லயத்தில்தானா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா ஒத்துக்கொள்ளாததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் வைத்திருப்பார்கள்.

கேள்வி: என் மகன் ஹட்டனில் ஒரு வங்கியில் நிரந்தர உத்தியோகம். அதை விட்டுவிட்டு, சுற்றுலாக்காரர் வருகிற எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டப் போகிறானாம். புத்தி சொல்லவும்.
*ஒரு தகப்பன், நோர்வூட்*

பதில்: யாருக்கு?

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபிக்க வேண்டாம். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு முன்னால் நின்று படம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எந்த இளைஞனுக்கும் ஆசை வரும். அவனிடம் மூன்று விசயம் கேளுங்கள். வங்கி லீவு நாட்களில் இதுவரை எத்தனை தரம் எல்லவில் யாருக்காவது வழிகாட்டியிருக்கிறான்? சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்துக்குப் பதிந்தானா? 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பெற்றோல் வரிசை, இந்த மூன்று முறையும் எல்ல வெறிச்சோடியது. அப்போது அங்கே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று போய்க் கேட்டானா? மூன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தால், புத்தி தேவைப்படுவது உங்களுக்குத்தான். ஒன்றுக்கும் இல்லையென்றால், திட்ட வேண்டாம். அடுத்த நீண்ட வார இறுதிக்கு எல்லவுக்குப் பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: 29 வயது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஒன்பது வருடமாக ஆடைத் தொழிற்சாலையில். இப்போது லைன் சூப்பவைசர். இந்த வருட முடிவில் திருமணம். ஊரோடு வந்து பிள்ளைகளுக்குத் தையல் பழக்கலாமா என்று ஒரு எண்ணம். ஆனால் எனக்கு ஒரு சான்றிதழும் இல்லை. வேறு ஒன்றும் தெரியாது. பயமாக இருக்கிறது.
*ச., தலவாக்கலை (இப்போது கட்டுநாயக்க)*

பதில்: மகள், முதல் கடிதக்காரர் தயார் என்று நினைக்கிறார், இன்னும் ஆகவில்லை. நீங்கள் ஆகிவிட்டீர்கள், உங்களுக்குத்தான் தெரியவில்லை.

"வேறு ஒன்றும் தெரியாது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், உங்கள் போர்டிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து சட்டை வெட்டப் பழகுகிறார்கள் என்றும், போன வருடம் ஏழு பேர் பழகினார்கள் என்றும், அதில் ஒருத்தி இப்போது வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிழமையில் ஒரு நாள்தான் தூங்கலாம். அந்த ஒரு நாளையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கு முதல் கடை வாடகை கட்டியபோது கை நடுங்கியது. அந்தக் கையால்தான் அன்று மூன்று மோட்டர் கட்டினேன்.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. செய்து பழகிய வேலையைச் செய்துகாட்டி, முழுப் பாடநெறி படிக்காமலே என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரிப்பது என்று அதற்குப் பெயர். தேசிய பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் கேளுங்கள், நைட்டா என்றால் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையை விடுவதற்கு முன் விண்ணப்பியுங்கள். உங்கள் சேவைக் கடிதம், என்னென்ன மெசின் ஓட்டினீர்கள், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள் என்ற விபரம் எல்லாம் உள்ளே இருக்கும்போது எடுப்பது இலகு. வெளியே வந்த பிறகு வாசல் கதவுக்கு வெளியே நின்று கெஞ்ச வேண்டும்.

திருமணம் காரணமாக வேலையை விடுகிற பெண்ணுக்குச் சேமலாப நிதியை எடுக்க இடமுண்டு. அதனால் நாலு பக்கமிருந்தும் அந்தப் பணத்துக்கு ஆலோசனை வரும். கலியாணச் செலவு, வீட்டுக்கு ஓடு, மாப்பிள்ளைக்கு மோட்டர் சைக்கிள். எடுப்பதானால் மூன்று நல்ல மெசினுக்கு எடுங்கள். அது முடியாதென்றால் 50 வயது வரை அங்கேயே கிடக்கட்டும். மாப்பிள்ளையிடம் இதைத் திருமணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் 41 வயது ஆசிரியை. ஆசிரிய உதவியாளராகச் சொற்பக் கொடுப்பனவுக்குச் சேர்ந்து, பயிற்சி முடித்து நிரந்தரமானவள். இப்போது வெளிநாடு போகலாமா என்று தோன்றுகிறது.
*பெயர் வேண்டாம், கொட்டகலை*

பதில்: 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்தார்கள். இப்போதுள்ள நடைமுறையை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். முகவர் யாராக இருந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஒரு சந்தேகம் மட்டும்: உங்கள் கடிதத்தில் வகுப்பறையைப் பற்றி ஒரு குறையும் இல்லை, கடனைப் பற்றித்தான் எல்லாம். கடன் எவ்வளவு என்று எழுதுங்கள். வேறு வழி இருக்கிறதா என்று இருவருமாகப் பார்ப்போம், பெயர் போட மாட்டோம்.

கேள்வி: டீமேக்கர் வேலையை விட்டதற்கு எப்போதாவது வருந்தியது உண்டா, ஐயா?
*ஒரு கல்லூரி மாணவன், பண்டாரவளை*

பதில்: உண்டு. குவாட்டர்ஸுக்குப் பின்னால் கரட்டும் லீக்சும் போட்டிருந்தேன், நல்ல மண். அதை விட்டு வந்ததில் மனைவிக்கு என்னைவிட வருத்தம். கடை தொடங்கிய முதல் இரண்டு வருடம் காசுக்கும் கஷ்டம்தான். மூத்தவளின் டியூஷன் காசை இரண்டு தரம் பிந்திக் கொடுத்தேன்.

போன கிழமை, அந்தப் பழைய ஸ்டோரிலிருந்தே ஒரு மோட்டர் வந்தது, ஏழரைக் குதிரைவலு. கொண்டு வந்த பையனுக்கு நான் அங்கே இருந்தது தெரியாது. மூடியைக் கழற்றினேன். உள்ளே சுருளுக்கு இடையில் எல்லாம் தேயிலைத் தூசு, சூட்டில் லேசாகக் கருகின வாடையோடு. என்னிடம் வேலை பழகுகிற பிள்ளை காற்றடித்துச் சுத்தம் பண்ண புளோவரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் பொறு" என்றேன். "ஏன் பாஸ்?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டான்.